அரவிந்த்குமாருக்குத் தனிக் கவர்

பாளையம்பட்டி அரவிந்த்குமாருக்குக் கையெழுத்து அழகாக வந்து தொலைத்தது. பாட்டு நன்றாக வருகிறவனைப் பாடச் சொல்லிக் கைதட்டுவார்கள். சமையல் நன்றாக வருகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். கையெழுத்து நன்றாக வருகிறவனிடம் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வயது முப்பத்தொன்பது. அருப்புக்கோட்டையில் ஜோதிலிங்கத்தின் நூல் கடையில் கணக்கு எழுதுகிறான். நெசவுக்காரக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவர்கள் கன்னடத்தில் பேசிக்கொள்வதை நான் உங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். அப்பா இல்லை. அம்மா லிங்கம்மாளும் அவனும் மட்டும். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுவதால் அந்தத் தெருவில் எல்லோரும் சத்தமாகவே பேசுவார்கள். அரவிந்த்குமார் மட்டும் சத்தமாகப் பேசிப் பழகவில்லை.

பத்திரிகை எழுதுவதில் ஒரு முறை உண்டு. கட்டைக் கொண்டுவருகிறவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு புதுப் பேனா வைத்துக் கொண்டுவர வேண்டும். முனையில் குண்டு உருளும், உள்ளே மை தண்ணீராகத் தளும்பும் பேனா. கவரில் அந்த மாதிரிப் பேனாவில் எழுதினால்தான் எழுத்து எடுப்பாக இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எழுதி முடித்ததும் பேனா அவனுக்கே. அது யூஸ் அண்ட் த்ரோ பேனா. தூக்கிப் போட அவனுக்கு மனசு வராது.

இன்னொரு முறையும் உண்டு. கவர் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. 'திரு. இன்னார் குடும்பத்தார்' என்றுதான் எழுத வேண்டும். கல்யாணமாகாத ஆணுக்குத் தனிக் கவர் கிடையாது. அவன் அப்பா கவரிலோ அம்மா கவரிலோ அடங்கிவிடுவான். இப்படி ஊரில் பாதிப்பேர் பெயரை எழுதிவிட்ட அரவிந்த்குமார், ஒரு கவரில்கூடத் தன் பெயரை எழுதியதில்லை. 'திருமதி லிங்கம்மாள் குடும்பத்தார்' என்று எழுதும்போது அதில் தானும் இருப்பதாக நினைத்துக்கொள்வான்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. ஒருமுறை வேண்டுமென்றே கோணலாக எழுதிக் கொடுத்தான். அடுத்த நாள் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "கை வலிக்குதாமே அரவிந்து?" என்று ஒருவர் தைலம் கொண்டுவந்தார், ஒருவர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது ஆள், கை சரியானதும் எழுதட்டும் என்று தன் மகள் கல்யாணக் கட்டை வைத்துவிட்டுப் போனார். தைலம் தேய்த்த கையோடு அதையும் எழுதினான்.

இவன் தலையெழுத்து இப்படி இருக்க, நடுவில் ஒரு சந்தோஷம் வந்து சேர்ந்தது. ஊரடங்குச் சமயத்தில் கடைகள் அடைத்துக் கிடந்தபோது, போனில் யாரோ ஒருவர் தீர்ந்த பேனாவைத் திறந்து மை ஊற்றிக் காட்டிய வீடியோவைப் பார்த்தான். அவனிடம்தான் தீர்ந்த பேனாக்கள் ஒரு பை நிறையக் கிடந்தனவே. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி முனையைச் சுற்றினான். குறடால் பிடித்து, திருகாமல், இடமும் வலமும் லேசாக ஆட்டி ஆட்டி இழுத்தான். முதல் பேனா உடைந்தது. இரண்டாவது, மீதியிருந்த மையை அவன் பனியன் மேல் துப்பியது. மூன்றாவது பேனா 'பொளக்' என்று திறந்துகொண்டபோது அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்கு அவன் சிரித்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கே உரியதானது. மெடிக்கலில் ஊசி வாங்கப் போனால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "பேனாவுக்குண்ணே" என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார். ஊசியால் மையை உறிஞ்சி, குமிழ் விழாமல் மெல்ல இறக்க வேண்டும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு உள்ளே இருக்கும் காற்று சூடாகி மையைத் தள்ளிவிடும், சட்டைப்பை போய்விடும். அவனுடைய சட்டைகள் எல்லாமே பை இருக்குமிடத்தில் நீலம்தான். ஊற்றிய பேனாவை, நூல் தீர்ந்த அட்டைக் கோனின் மேல் ஓட்டையில் முனை கீழே இருக்கும்படி செருகிவிட்டு, மை இறங்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இந்த வேலையை யாரும் கொண்டுவந்து இறக்கவில்லை, எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. அதனாலேயே அவனுக்கு அது இனித்தது.

மை வாங்கப் போன இடத்தில்தான் சங்கரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பேனா, பென்சில், மை, கவர் எல்லாம் அங்கே கிடைக்கும். அவள் ஜோதிலிங்கத்தின் செத்துப்போன தம்பியின் மகள். பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறாள். வயது முப்பத்து மூன்று. ஒவ்வொரு வரனும் ஏதோ ஒன்றில் தட்டிப் போய், பிறகு வரன் வருவதே குறைந்துவிட்டது.

"மாசம் ஒரு பாட்டில் மை வாங்குறீங்களே, எழுதுறீங்களா குடிக்கிறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அவன் சொன்னான். நம்பாமல், மறுமுறை ஒரு பேனாவைக் கொண்டுவரச் சொல்லி, கடையில் வைத்தே எழுதிப் பார்த்தாள். தன் பெயரை எழுதினாள். அவள் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. அவனிடம் எதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லாத ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் பேர் எழுதுறீங்களே, ஒங்க பேருக்கு என்னைக்காச்சும் ஒரு கவர் எழுதியிருக்கீங்களா?"

"அது குடும்பத்துக்குத்தானே. எனக்கு அம்மா கவர்லயே வந்துரும்."

"முப்பத்தொம்போது வயசுல அம்மா கவருக்குள்ள ஒக்காந்திருக்கீங்க. வேர்க்கலையா?"

அவன் சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஆனால் அன்று முழுக்க நூல் கடையில் உட்கார்ந்திருந்தபோது மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்தது.

சித்திரையில் ஜோதிலிங்கத்தின் மகன் ஹரீஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஹரீஷுக்குக் காது குத்தியபோது கவர் எழுதியவனும் அரவிந்த்குமார்தான். அந்த வாரம் மை வாங்கப் போனபோது சங்கரி பாட்டிலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சேலத்துல எனக்குப் பாத்திருக்காக. சம்சாரம் எறந்துபோனவரு. ரெண்டு பிள்ளை. ஹரீஷ் கல்யாணம் முடிஞ்ச கையோட வந்து பேசுறாகளாம்."

பாட்டிலுக்காக நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான்.

"ஒங்களுக்கு ஏதாவது கேக்கணும்னு இருந்தா, அதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்டக் கேளுங்க" என்றாள்.

"ஒனக்குச் சம்மதமா சங்கரி?"

"பின்ன, மை விக்கிறதுக்கா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருக்கேன்?"

ஆக, கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு வாக்கியம். குலம் வேறு, முறையும் சரி. ஜோதிலிங்கம் அவனுக்கு மாமா முறை. கடையில் அவனை வாய் நிறைய 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். 'மாப்ள, அந்த லோடு வந்துருச்சா', 'மாப்ள, டீ சொல்லு'. வாயில்தான் மாப்பிள்ளை. ஆள் கெட்டவர் இல்லை. தனக்கு வேண்டியது தன்னைத் தேடி வரும் என்று பழகிப்போனவர், அவ்வளவுதான். யார் வீட்டில் கல்யாணம் முடிந்தாலும் மறக்காமல் அவனிடம் சொல்வார்: "இது முடியட்டும் மாப்ள, அடுத்து ஒனக்கு ஒண்ணப் பாத்துருவோம்." எத்தனையோ 'இது' முடிந்துவிட்டது.

அரவிந்த்குமார் அந்த வாக்கியத்தைத் தயார் செய்தான். டிவிஎஸ் வண்டியில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்தான். கன்னடத்தில் சொன்னால் பணிவாக இருந்தது, தமிழில் சொன்னால் தைரியமாக இருந்தது. இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு ஒரு காலை கடையில் அவர் முன்னால் போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து பெரிய கட்டு ஒன்றை இழுத்துப் போட்டார். ஐந்நூறு பத்திரிகை, ஐந்நூறு கவர்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன், நீயே வந்துட்ட. முதல்ல இத முடிச்சிரு மாப்ள."

வெற்றிலை இருந்தது, பழம் இருந்தது. பேனா இல்லை. அவன் தாம்பாளத்தைப் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார். "ஒனக்கு எதுக்குப் பேனா? ஒங்கிட்டதான் காடா கெடக்குதாமே, நீயே மை ஊத்திக்கிறியாமே!"

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். அப்புறம் கட்டைத் தூக்கிக்கொண்டான். வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது.

ஐந்நூறு கவருக்கு இருக்கும் மை போதாது. கூட ஒரு பாட்டில் வாங்கப் போனான்.

"கேட்டீங்களா?" என்றாள் சங்கரி.

"இத முடிச்சுக் குடுக்கும்போது கேட்டுருவேன். சந்தோஷமா இருப்பாரு."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாட்டிலைத் தள்ளினாள். "கவருக்கா? இந்த மை தண்ணி பட்டாக் கரையும். பேனாவோட வார மைதான் காஞ்சா நிக்கும்."

"கவர்ல எங்க தண்ணி படப்போகுது?"

இத்தனை வருடம் எழுதியவன் சொன்ன சொல்லைப் பாருங்கள். ஆனால் அவன் மேல் முழுத் தப்பும் இல்லை. எழுதுவதோடு அவன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கவர் அந்த வீட்டுப் பெண்கள் கைக்குப் போய்விடும். அவர்கள் மஞ்சளைக் குழைத்து, பத்திரிகைக்கும் கவருக்கும் நாலு மூலையிலும் பொட்டு மாதிரித் தொட்டு வைப்பார்கள். அவன் வீட்டில் கல்யாணமே நடந்ததில்லை, மஞ்சள் தொட்டு வைப்பதை அவன் எங்கே பார்த்தான்? மஞ்சள் காய்ந்த கவர்தான் அவன் வீட்டுக்கு வரும். இதுவரை எழுதியதெல்லாம் புதுப் பேனா மை. ஈர மஞ்சளுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

ஐந்நூறையும் எழுதினான். இவ்வளவு அழகாக அவன் எழுதியதில்லை. ஒவ்வொரு கவரிலும் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறவனின் கவனம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது ஜோதிலிங்கம் வெளியூரில் இருந்தார். நாளை கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தான்.

மறுநாள் காலையில் போன் வந்தது. ஹரீஷ் பேசினான். "அண்ணே, உடனே வீட்டுக்கு வாங்க. அம்மா அழுதுக்கிட்டு இருக்காக."

கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் கவர்கள். ஜோதிலிங்கத்தின் மனைவி முத்துலட்சுமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரே மகன் கல்யாணம் என்று மஞ்சளைத் தாராளமாகக் குழைத்து, கட்டைவிரல் முழுக்க எடுத்து வைத்து, ஈரத்தோடு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். வலது பக்கக் கீழ் மூலை, பெயர் வருகிற இடம். நீலமும் மஞ்சளும் சேர்ந்து எல்லாம் பச்சை. சிலவற்றில் 'திரு' மட்டும் இருந்தது. சிலவற்றில் ஊர் இருந்தது, ஆள் இல்லை. குலதெய்வத்துக்கு வைக்கும் முதல் பத்திரிகையிலும் பச்சைத் திட்டுதான்.

"கல்யாணக் கவருல பேரு அழியலாமா? இது நல்லதுக்கா?" என்று முத்துலட்சுமி அழுதாள்.

ஜோதிலிங்கம் கத்தினார். கவர் எழுதத் தெரியாதவனா நீ, எம்புள்ள கல்யாணத்துக்கா இந்தக் கருமத்த ஊத்தி எழுதணும், ஒரு பேனா வாங்க உனக்கு வக்கில்லையா என்றெல்லாம் கத்தினார். பேனா வைக்காதது யார் என்று கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. குனிந்து கவர்களைப் பொறுக்கி அடுக்கினான். விரலெல்லாம் பச்சையானது.

சமையலறைக் கதவோரம் சங்கரி நின்றிருந்தாள். பெரியப்பா மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய நேரம் பார்த்து, முன்னால் வந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"பெரியப்பா, அவுக ஒங்ககிட்ட ஏதோ கேக்கணும்னு ரொம்ப நாளா நிக்கிறாக. என்னன்னு கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றாள்.

ஒரு பெண் அந்த வீட்டில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? கதவைத் திறந்து, வழியையும் பெருக்கி வைத்துவிட்டாள்.

தண்ணீர் குடித்ததில் ஜோதிலிங்கம் கொஞ்சம் ஆறியிருந்தார். கத்திவிட்டோமே என்ற நினைப்பும் வந்திருக்க வேண்டும். "என்ன மாப்ள? கேளு. எதுனாலும் கேளு. செஞ்சு தாரேன்" என்றார். நிஜமாகவே சொன்னார். அந்த நேரம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கூடமே அவனைப் பார்த்தது. கன்னட வாக்கியம் வந்தது, தமிழ் வாக்கியமும் வந்தது. கைநிறையப் பச்சைக் கவர்கள். இந்தக் கையோடு போய்ப் பெண் கேட்பதா? மகன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டு மகளைக் கொடு என்பதா? முதலில் இதைச் சரி செய்துவிட்டு, பிறகு நல்லபடியாக...

"நாலு புதுப் பேனா வேணும் மாமா" என்றான்.

ஜோதிலிங்கம் வெடித்துச் சிரித்தார். முத்துலட்சுமிகூட மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். "அட, இதுக்கா இத்தன நாளா நின்ன? நாலு என்ன, ஒரு டப்பாவே தாரேன்!"

அரவிந்த்குமார் கதவோரம் பார்க்கவில்லை. செம்பு தரையில் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் நூல் கடைக்கு சங்கரி வந்தாள். புதுக் கவர்க் கட்டையும் ஒரு பேனா டப்பாவையும் அவன் மேஜையில் வைத்தாள்.

"பெரியப்பாகிட்ட நீங்க கேட்டதாம். குடுக்கச் சொன்னாக."

"சங்கரி, இந்தக் கல்யாணம் முடிஞ்சதும் நான் கண்டிப்பா..."

"எழுதுங்க, எழுதுங்க. நேரமாகுது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைப் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, திருச்சுழி பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்து போனாள். அவன் புதுப் பேனாவின் மூடியைக் கழற்றினான். பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகவே இருந்தன.

ஹரீஷ் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பெயர் அழிந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பந்தியில் ஜோதிலிங்கம் அவன் தோளைத் தட்டி, "இது முடிஞ்சுது மாப்ள, அடுத்து ஒனக்குத்தான்" என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் சேலத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பூ வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அரவிந்த்குமார் நூல் கடையில் உட்கார்ந்து, வந்த லோடுக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி கழிந்ததும் கட்டு வந்தது. இந்த முறை ஜோதிலிங்கம் குறை வைக்கவில்லை. வெற்றிலை, பழம், நாலு புதுப் பேனா. அரவிந்த்குமார் எழுதினான். எழுதாமல் எங்கே போவது? அழகாகவே எழுதினான். கை அதற்குத்தான் பழகியிருந்தது. 'திருமதி லிங்கம்மாள் குடும்பத்தார்' என்றும் எழுதினான். ஜோதிலிங்கமும் முத்துலட்சுமியும் முறைப்படி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மை வாங்கப் போனான். கல்யாணத்துக்கு முன் அவள் கடைக்கு வரும் கடைசி வாரம். என்ன பேசுவது என்று தெரியாமல் பாட்டிலை மட்டும் கேட்டான். அவள் பாட்டிலைக் கொடுத்தாள். கூடவே கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"அம்மாகிட்டதான் குடுத்தாச்சே" என்றான்.

"அது அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் போடத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பேனாக்கள் செருகியிருந்த கோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், கோழி கிளறியது மாதிரி, சாதா பால்பாயின்ட் பேனாவில்: 'திரு. அரவிந்த்குமார்'. கீழே குடும்பத்தார் என்று இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை.

கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்தப் பெயரின் மேல் வைத்துத் தேய்த்தான். இன்னொரு முறையும் தேய்த்தான். பக்கத்து வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அது கொஞ்சம்கூட அழியவில்லை.